குதிகால் மெலனோமாவுக்குப் பிறகு தொடையிடுக்கில் நெறி: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்மணி தனி ஒரு நோயாளி அல்ல. நம்மூரில் ஒரே தடத்தில் நடந்து வரும் பலருடைய விவரங்களைச் சேர்த்து, யாரென்று அடையாளம் தெரியாதபடி அமைத்த மாதிரி நிகழ்வு இது. பரிசோதனைகளும் அளவுகளும் மருந்தளவுகளும் இன்றைய நடைமுறையில் உள்ளவை.

வயது 56. காவிரி டெல்டாப் பகுதியில் நடவு வேலை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இடது குதிகாலில் ஒரு கருந்திட்டு இரண்டு வருடமாக இருந்தது. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டினார். பிளேடால் செதுக்கியும் பார்த்தார். புண்ணாகி நீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் பயாப்ஸி நடந்தது. முடிவு: தோலின் நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற புற்றுநோய்; அதில் உள்ளங்கை, உள்ளங்கால், நகங்களில் வரும் அக்ரல் வகை. ஆழம் 3.2 மி.மீ., மேல்தோல் புண்ணாகியிருந்தது. புற்றுநோயின் நிலையை வகுக்கும் ஏஜேசிசி விதிகளின் 8-ஆம் பதிப்பில், மூலக் கட்டியைக் குறிக்கும் 'டி' கணக்கில் இது டி3பி. நிணநீர்க் கணுக்களில் எதுவும் தட்டுப்படாததால் 2பி நிலை என்று எழுதப்பட்டது. சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலோடு வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. மேற்கொண்டு மருந்து ஏதும் தரவில்லை.

வெள்ளைத்தோல் மக்களுக்கு வரும் மெலனோமாவில் வெயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளங்காலில் வருவதற்கு அது காரணமில்லை. இந்தியர்களிடம் காணப்படும் மெலனோமாவில் இந்த அக்ரல் வகைக்குப் பெரிய இடம் இருக்கிறது. ஆனால் மருந்து ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெயில்படும் தோலில் நோய் வந்தவர்கள். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அங்கே கிடைத்த எண்ணை அப்படியே இங்கே சொன்னால், நோயாளிக்கு இல்லாத நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

முதல் சிகிச்சையில் ஒரு வேலை விட்டுப்போயிருந்தது. 1 மி.மீ.க்கு மேல் ஆழமுள்ள மெலனோமாவுக்கு, நிணநீர் முதலில் போய்ச் சேரும் காவல் கணுவை எடுத்துப் பார்ப்பது வழக்கம். கதிர்வீசும் டெக்னீசியம் கலந்த மருந்தையும் நீலச் சாயத்தையும் புண்ணருகே செலுத்தி, அவை எந்தக் கணுவுக்குப் போகின்றன என்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுப்பார்கள். பெரிய அறுவைக்கு முன்போ அதே மயக்கத்திலோ இதைச் செய்துவிட வேண்டும். தோலை வெட்டி ஒட்டிய பிறகு நிணநீர் ஓடும் பாதை மாறிவிடுவதால், பின்னால் தேடினால் கிடைக்கும் கணுவை அவ்வளவாக நம்ப முடியாது. இவருக்கு அது நடக்கவேயில்லை. அதனால் 2பி என்ற நிலை, கையால் தொட்டுப் பார்த்ததை மட்டும் வைத்துச் சொன்ன நிலை.

இருபதாவது மாதம்

இடது தொடையிடுக்கில் எலுமிச்சங்கொட்டை அளவில் ஒரு நெறி வந்து, இரண்டு மாதத்தில் நெல்லிக்காய் அளவானது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. "முள்ளு குத்துனா நெறி கட்டத்தானேம்மா செய்யும், தானா அமுங்கிடும்" என்று வீட்டில் சொன்னார்கள். சேற்றில் நிற்கும் காலுக்கு அது நியாயமான எண்ணம்தான். பக்கத்து மருத்துவர் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார், பிறகு இன்னும் ஏழு நாள். கட்டி குறையவில்லை.

மெலனோமா வந்து போன காலில் நெறி கட்டினால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்க்கும் கட்டமே தேவையில்லை; நேராக ஊசிப் பரிசோதனைக்குப் போகலாம். வெடிப்பிலோ விரலிடுக்கிலோ கண்ணுக்குத் தெரிகிற தொற்று இருந்தால் அதற்கு மருந்து கொடுக்கட்டும், ஆனால் அதே வாரத்தில் ஊசியும் போடட்டும். தொடையிடுக்கில் நெறி கட்ட நம்மூரில் காரணங்கள் பல: கால் தொற்று, காசநோய், யானைக்கால் நோய், நிணநீர்ப் புற்றான லிம்போமா. மெலனோமாவின் வரலாறு இருப்பதாலேயே மற்றதெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது. மற்றவை இருக்கலாம் என்பதற்காக மெலனோமாவைத் தள்ளிப்போடவும் முடியாது.

பரிசோதிக்கும்போது குதிகாலிலிருந்து தொடை வரை முழுக் காலையும் பார்க்க வேண்டும். இவரிடம் கிடைத்தது இப்படி. ஒட்டுத்தோல் சுருங்கி, ஓரத்தில் காய்ப்புத் தடித்திருந்தது. அந்தக் காய்ப்பில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. 15-ஆம் எண் பிளேடால் மெல்லச் சீவியதும் அது பொருக்காக உதிர்ந்து, அடியில் சாதாரணத் தோல் தெரிந்தது. காய்ப்புக்குள் கசிந்து உறைந்த இரத்தம் அப்படித்தான் உதிரும். ஆனால் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே, உட்புறத்தில், கடுகு அளவில் இரண்டு நீலக்கருப்புப் புள்ளிகள். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. சோப்பு நீரில் நனைத்த விரல் நுனியால் தடவியபோது, தோலுக்கடியில் மணல் பரல் மாதிரி நெருடின. சீவினால் உதிரக்கூடியவை அல்ல அவை.

மூல இடத்திலிருந்து 2 செ.மீ.க்குள் முளைத்தால் அது துணைக்கட்டி. அதைத் தாண்டி, கணுவுக்குப் போகும் வழியில் முளைத்தால் வழித்தடக் கட்டி. நிணநீர்க் குழாயில் போய்க்கொண்டிருந்த செல்கள் நடுவழியில் தங்கி வளர்வதுதான் இது. தொடையிடுக்குக் கணுவை மட்டும் பார்த்துவிட்டு அறுவைக்குத் தேதி குறித்திருந்தால் இந்த இரண்டு புள்ளிகளும் காலிலேயே தங்கியிருக்கும்.

திசு கையில் வரட்டும், கத்தி பிறகு

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, நெறியை ஒரு சிறிய கீறலில் முழுசாக எடுத்து "பயாப்ஸி அனுப்பிவிட்டோம்" என்பது. மெலனோமா உறுதியானால் அந்த இடத்தில் முழுக் கணுத்தொகுதியையும் எடுக்க வேண்டிவரும். முன்பே போட்ட கீறல் தவறான திசையில் இருந்தால், தழும்பையும் சேர்த்து அகலமாக வெட்ட வேண்டும். உறை கிழிந்து செல்கள் சிந்தியிருக்கவும் கூடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு: அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்து, அதற்குக் கட்டி எப்படி வசப்படுகிறது என்று பார்க்கும் வாய்ப்பு போய்விடும். கட்டி என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அவசரம் வேண்டும். வெட்டி எறிவதற்கு அவ்வளவு அவசரம் இல்லை.

அல்ட்ராசவுண்டில் கணு 2.4 செ.மீ. இருந்தது. அவரை விதை வடிவம் போய் உருண்டையாகிவிட்டது. நடுவில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய கொழுப்புப் பகுதி அழிந்திருந்தது. இரத்த ஓட்டம் ஓரத்திலிருந்து உள்ளே போனது. மூன்றுமே கெட்ட அடையாளங்கள். ஸ்கேன் பார்த்துக்கொண்டே 22 கேஜ் ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்தார்கள். ஊசியின் அடியில் காப்பிக் கசடு நிறத்தில் ஒரு சொட்டு வந்தது. அதை வைத்தே மெலனோமா என்று முடிவு கட்டக்கூடாது. பழைய இரத்தக் கசிவும் அந்த நிறத்தில் வரும். மறுபக்கம், நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. அதை நுண்ணோக்கியில் பார்த்தால் கார்சினோமா மாதிரியும் லிம்போமா மாதிரியும் தோன்றும். அதனால் முதல் ஊசியில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் விஷயம் முடிந்துவிடவில்லை. திரும்ப ஊசி, அல்லது தடித்த ஊசியால் கோர் பயாப்ஸி.

"ஊசி குத்தினால் கட்டி பரவும்" என்ற பயம் பல வீடுகளில் பரிசோதனையையே நிறுத்திவிடுகிறது. கணுவில் மெல்லிய ஊசி போட்ட தடத்தில் மெலனோமா வளர்வது மிக மிக அரிது. பயந்து மூன்று மாதம் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்தோ நிச்சயமானது.

இவருக்கு ஊசியோடு 16 கேஜ் கோரும் எடுக்கப்பட்டது. பின்னால் செய்ய வேண்டிய மரபணுப் பரிசோதனைக்கு ஊசிச் செல்கள் போதாமல் போகலாம், கோர்த் துண்டு போதும். கணுக்கால் புள்ளிகளில் ஒன்றை 4 மி.மீ. பஞ்ச் கருவியால் எடுத்தார்கள். துண்டுகள் 10 சதவீத ஃபார்மலினில், துண்டைப்போலப் பத்து மடங்கு அளவில் போக வேண்டும். ஸ்பிரிட்டிலோ சலைனிலோ போட்டு அனுப்பிய துண்டு வீணாகும். ஒரே ஒரு விதிவிலக்கு: காசநோய்ச் சந்தேகமும் இருந்தால், ஒரு துண்டைத் தனியே ஃபார்மலின் படாமல் சலைனில் போட்டு ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்ட துண்டில் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. இதை ஊசி போடும் முன்பே சொல்லி வைக்காவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

மெலனோமாச் செல்களை அடையாளம் காட்டும் எஸ்100, சாக்ஸ்10, எச்எம்பி-45, மெலன்-ஏ சாயங்கள் நான்கும் பற்றின. கணுவும் புள்ளியும் மெலனோமாவே. கணு ஒன்று, வழித்தடக் கட்டிகள் இரண்டு: கணுக்களையும் வழித்தடக் கட்டிகளையும் குறிக்கும் 'என்' கணக்கில் என்2சி. டி3பி-யோடு சேர்த்தால் 3சி நிலை.

உடல் முழுவதும் தேடுவது

குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் பெட் சிடி ஸ்கேன் எழுதும்போது "உச்சந்தலை முதல் பாதம் வரை" என்று சீட்டில் எழுத வேண்டும். வழக்கமான பெட் சிடி மண்டையோட்டின் அடியில் தொடங்கி நடுத்தொடையில் முடிந்துவிடும். கால் மெலனோமாவில் நாம் தேடும் இடமே அதில் படாமல் போகும். சர்க்கரை நோயாளி என்றால் மெட்ஃபார்மினை எப்போது நிறுத்துவது என்று ஸ்கேன் மையத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். அந்த மாத்திரை குடலில் குளுக்கோஸ் ஏற்றத்தைப் பளிச்சென்று காட்டி, குடலில் உள்ள கட்டியை மறைத்துவிடும். இரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருப்பது நல்லது.

மூளைக்கு பெட் போதாது. மூளை எப்போதும் குளுக்கோஸைக் குடித்துக்கொண்டே இருப்பதால் சிறு கட்டிகள் அதில் கரைந்துபோகும். காடோலினியம் ஊசியோடு எம்ஆர்ஐ தனியாக வேண்டும். செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கூடும் எல்டிஎச் என்ற நொதியின் பரிசோதனையும் வேண்டும். ஊசியில் வேகமாக இழுத்து செல்கள் உடைந்த இரத்தத்தில் எல்டிஎச் பொய்யாக உயரும். எண் கூடுதலாக வந்தால் பதறாமல் ஒரு தடவை மறுபடி எடுங்கள்.

இவரது எம்ஆர்ஐ சுத்தம். எல்டிஎச் இயல்பு. பெட்டில் தொடையிடுக்குக் கணு பளிச்சென்றது. வலது நுரையீரல் மேல்மடலில் 5 மி.மீ. அளவில் ஒரு புள்ளி தெரிந்தது, அதில் ஏற்றம் இல்லை. இங்கேதான் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். "நுரையீரலுக்குப் பரவிவிட்டது, நாலாம் நிலை" என்று எழுதிவிட்டால் குணப்படுத்தும் நோக்கமே கைவிடப்படலாம். "பெட்டில் ஏற்றம் இல்லை, ஒன்றுமில்லை" என்பதும் தவறு, 8 மி.மீ.க்குக் குறைந்த புள்ளியில் பெட்டை நம்ப முடியாது. பழைய காசநோயின் தழும்பு நம்மவர்களின் நுரையீரலில், அதிலும் மேல்மடலில், சாதாரணம். ஊசி போடவும் முடியாத அளவு. எனவே 3சி என்றே வைத்துச் சிகிச்சையைத் தொடங்கி, 8 முதல் 12 வாரத்தில் மெல்லிய வெட்டுகளில் சிடி எடுத்து அதே புள்ளியை அளப்பது என்று முடிவானது.

மரபணு

கோர்த் துண்டில், கட்டியை வளரத் தூண்டும் பிராஃப் மரபணுவின் வி600 மாற்றம் இல்லை. அக்ரல் வகையில் இது எதிர்பார்த்ததே. வெயில்படும் தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கும், அக்ரலில் அதைவிட மிகக் குறைவு. அதனால் பிராஃப் மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது. கிட், என்ராஸ் மரபணுக்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவருக்கு கிட் மரபணுவின் 11-ஆம் எக்ஸானில் எல்576பி மாற்றம் இருந்தது. அதன்மேல் இமாட்டினிப் மாத்திரை வேலை செய்ய வாய்ப்புண்டு. இது பின்னால் தேவைப்படும்போது எடுக்கக் கையிருப்பாக வைக்கும் மருந்து.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். பெத்தாலஜி ரிப்போர்ட்டில் "சிடி117 பாசிட்டிவ்" என்று வந்தால் கிட் புரதம் இருக்கிறது என்றுதான் பொருள், மரபணு மாறியிருக்கிறது என்று பொருளல்ல. வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். துண்டில் மெலனின் நிறமி அதிகம் இருந்தால் அதுவே பிசிஆர் வேதிவினையைத் தடுத்து, "முடிவு கிடைக்கவில்லை" என்று வரும். அப்போது திசுவைப் பதித்த வேறு மெழுகு பிளாக் கொடுத்துத் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும்.

முதலில் மருந்தா, அறுவையா

எடுக்கக்கூடிய 3-ஆம் நிலை மெலனோமாவில் சிகிச்சையின் வரிசையே சமீபத்தில் மாறியிருக்கிறது. 2023-இல் வெளிவந்த ஸ்வாக் எஸ்1801 ஆய்வில் எல்லோருக்கும், உடலின் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாப் மொத்தம் 18 தவணை. ஒரு பிரிவினர் அறுவைக்கு முன் 3, பின் 15 என்று பெற்றார்கள். மறு பிரிவினர் பதினெட்டையும் அறுவைக்குப் பிறகே பெற்றார்கள். இரண்டு ஆண்டில் நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 72 சதவீதம், மறு பிரிவில் 49 சதவீதம். மருந்தும் அளவும் ஒன்றே, கொடுத்த நேரம்தான் வேறு. கட்டி உடம்பில் இருக்கும்போது மருந்து கொடுத்தால், எதிர்ப்புச் செல்கள் அந்தக் கட்டியையே பாடமாகக் கொண்டு பலவிதமாகப் பெருகுகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். 2024-இன் நாடினா ஆய்வில் அதே வகை மருந்துகளான இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்து இரண்டே தவணை கொடுத்து அறுவை செய்தார்கள். ஓராண்டில் அதே அளவுகோலில் 83.7 சதவீதம், முதலில் அறுவை செய்தவர்களில் 57.2 சதவீதம்.

அக்ரல் வகை இந்த மருந்துகளுக்குக் குறைவாகவே வசப்படுகிறது. அதை நோயாளியிடம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனாலும் முன்மருந்துக்கு இன்னொரு பயன் உண்டு: மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணெதிரே தெரியும். அறுவைக்குப் பிறகு கொடுத்தால் அளந்து பார்க்கக் கட்டியே இருக்காது. பலன் தராத மருந்தை ஒரு வருடம் விலைகொடுத்து வாங்கிக்கொண்டிருப்போம்.

இவருக்கு எழுதிய திட்டம்: பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி., 3 வாரத்துக்கு ஒரு முறை, 3 தவணை. 100 மி.கி. குப்பியாக வருவதால் தவணைக்கு இரண்டு குப்பி. ஒவ்வொரு முறையும் கணுவையும் மீதமுள்ள புள்ளியையும் ஸ்கேல் வைத்து அளந்து படம் எடுக்க வேண்டும். மூன்றாம் தவணைக்குப் பின் ஸ்கேன், பிறகு தொடையிடுக்குக் கணுத்தொகுதியையும் வழித்தடக் கட்டிகளையும் எடுக்கும் அறுவை. நடுவில் கணு சற்று வீங்குவதும் உண்டு, எதிர்ப்புச் செல்கள் உள்ளே நுழைவதால். ஆனால் தோலைத் துளைக்கப் பார்த்தாலோ, தொடை இரத்தக்குழாயை நெருக்கினாலோ மீதித் தவணைக்குக் காத்திருக்கக்கூடாது, அறுவையை முன்னே கொண்டுவர வேண்டும்.

பணம் இல்லாவிட்டால்? இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பதினெட்டுத் தவணை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எந்த அறுவை, எந்த மருந்து அதில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம் இருக்கிறதா என்று புற்றுநோய் மருந்து மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று தவணைக்கு மட்டும் வழி இருக்கிறது என்றால், அந்த மூன்றை அறுவைக்கு முன் கொடுப்பதே அறிவுடைமை என்பது எங்கள் கருத்து. எதற்குமே வழியில்லை என்றால் சரியான அறுவை உடனே நடக்கட்டும். அதைச் சும்மா தள்ளிப்போட வேண்டாம். தலை, கழுத்துப் புற்றுநோயில் மிகக் குறைந்த அளவு நிவோலுமாப் பற்றி மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நல்ல ஆய்வு நடந்தது. மெலனோமாவுக்கு அதே அளவு போதும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

மருந்துக்கு முன், மருந்தின்போது

முதல் தவணைக்கு முன்: கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், தைராய்டு, காலை 8 மணி கார்டிசால், எச்பிஏ1சி, இசிஜி, டிரோபோனின், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, மார்பு சிடியில் காசநோய்த் தடயம். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர் என்பதால் இன்னொன்று: ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் மலப் பரிசோதனையும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். இந்த மருந்தின் பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு கொடுக்கும்போது அது உடம்பெங்கும் பெருகி உயிரையே எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் முன்பே ஐவர்மெக்டின் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. மேலைநாட்டு வழிகாட்டிகளை மட்டும் பார்த்து வேலை செய்தால் இது கண்ணில் படாது.

இம்யூனோதெரபி கீமோ அல்ல; முடி கொட்டாது, வாந்தி பெரிதாக இருக்காது. ஆபத்து வேறு வடிவில் வரும். வழக்கத்தைவிட நாளுக்கு நாலு முறைக்கு மேல் வயிறு போனால் அது வெறும் வயிற்றுப்போக்கு அல்ல, குடலழற்சியாக இருக்கலாம். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் குடல் ஓட்டையாகும் வரை தெரியாது. அப்படியே புது மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, கண்ணிமை தொங்குதல், அளவுக்கு மீறிய தாகம், எழுந்திருக்க முடியாத சோர்வோடு வாந்தியும் குறைந்த இரத்த அழுத்தமும். இவற்றில் எது வந்தாலும் அன்றே சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் பேச வேண்டும். கடுமையானால் பிரெட்னிசலோன் எடைக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; குறைப்பது 4 முதல் 6 வாரம் படிப்படியாக. வயிறு சரியாகிவிட்டது என்று பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு அழற்சி இரட்டிப்பாகத் திரும்பும்.

ஊர் மருத்துவரிடம் காட்ட ஒரு தாள் எப்போதும் பையில் இருக்கட்டும்: மருந்தின் பெயர், கடைசித் தவணைத் தேதி, பேச வேண்டிய எண். மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து, சித்த மருந்து எது எடுத்தாலும் மறைக்க வேண்டாம். கல்லீரல் எண் ஏறும்போது காரணம் எது என்று பிரிக்க முடியாமல் நல்ல மருந்தை நிறுத்த நேரிடும்.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கு ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் பாதி வேலைதான் நடக்கும். முதல் அறுவையின் மெழுகு பிளாக்குகளும் ஸ்லைடுகளும் வேண்டும். ஆழத்தை 3.2 என்று எழுதியவர் சரியாக அளந்தாரா, மேலோட்டமாகச் சீவிய துண்டில் அடிவிளிம்பு தெரிந்ததா என்பதை இன்னொருவர் பார்க்க வேண்டும். பிளாக் மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும்; சித்திரை வெயிலில் பூட்டிய காரில் வைக்காதீர்கள். ஸ்கேன் ஃபிலிம் போதாது, படங்கள் பதிந்த குறுந்தட்டோ பென்டிரைவோ வாங்குங்கள். முதல் அறுவைக் குறிப்பின் நகலும் சேரட்டும். அறுவை மருத்துவர், மருந்து மருத்துவர், கதிரியக்க மருத்துவர் மூவரும் ஒரே நாளில் கோப்பைப் பார்க்கும் டியூமர் போர்டில் வைக்கும்படி கேளுங்கள். அறுவை மருத்துவரை மட்டும் பார்த்தால் அறுவைதான் பதிலாக வரும்.

கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது: "அறுவைக்கு முன் மருந்து கொடுக்கலாமா, கூடாதென்றால் ஏன்?" காரணம் இருக்கலாம். கடுமையான தன்னெதிர்ப்பு நோய், மாற்றிய சிறுநீரகம், தோலைத் துளைக்கும் கட்டி போன்றவை அப்படிப்பட்டவை. "இங்கே அதெல்லாம் செய்வதில்லை" என்பது காரணம் அல்ல.

அறுவையும் அதன் பின்னும்

தொடையிடுக்கு அறுவையில் காயம் பிரிவது, நீர் தேங்குவது, கால் வீங்குவது மூன்றும் அடிக்கடி வரும். டிரெயின் குழாயில் நாளுக்கு 30 முதல் 50 மி.லி.க்குக் குறையும் வரை குழாய் இருக்கட்டும், சீக்கிரம் எடுத்தால் நீர் தேங்கித் தொற்று வரும். சர்க்கரை கட்டுப்படாமல் இந்த அறுவைக்குப் போகக்கூடாது. காயம் ஆறியதும் அளவெடுத்த அழுத்தக் காலுறை, பகல் முழுவதும். வயலில் இறங்கும்போது முழங்கால் வரை பூட்ஸ். ஒரு சிறு வெட்டுக்காயம்கூட அந்தக் காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று ஆகும்.

எடுத்த கணுக்களின் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: எத்தனை கணுவில் எத்தனையில் நோய், கணு உறையைத் தாண்டியதா, உயிருள்ள புற்றுச்செல் எத்தனை சதவீதம் மிச்சம். மூன்றாவதை நம்மூர் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் காண்பதில்லை; முன்மருந்து கொடுத்த விவரத்தைப் பெத்தாலஜி சீட்டில் எழுதி அனுப்பினால்தான் பார்ப்பார்கள். 10 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. நாடினாவில் அப்படிப்பட்டவர்களுக்கு மேற்கொண்டு மருந்தே கொடுக்கவில்லை. அங்கே கொடுத்தது இரட்டை மருந்து. இவருடைய ஒற்றை மருந்துத் திட்டத்தில் மீதித் தவணைகள் தொடரும். புற்றுச்செல்கள் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் அதே மருந்தை மேலும் 15 தவணை ஓட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும்.

பிறகு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை: முழுக் கால் தடவல், இரண்டு தொடையிடுக்குக்கும் அல்ட்ராசவுண்ட், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிடி அல்லது பெட், எம்ஆர்ஐ. வீட்டில் மாதம் ஒரு நாள், குளித்தபின் ஈரக் காலில், குதிகாலிலிருந்து மேல்நோக்கிச் சோப்பு விரலால் மகளோ மருமகளோ தடவிப் பார்க்கட்டும். புதிதாக ஒரு கடுகு நெருடினால் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, அடுத்த தவணைக்குக் காத்திராமல் அந்த வாரமே காட்டுங்கள்.